உன் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவாய்?

“அடுத்த மாதத்திலிருந்து பள்ளி விளையாட்டுச் செய்திகளை நீ பார்த்துக்கொள்” என்று ஆசிரியர் சொன்னதும் தலையாட்டிவிட்டேன். அதுவரை நான் எழுதியவை நூல் வெளியீடு, நடன அரங்கேற்றம், சமூக மன்றத்துப் பொங்கல் போன்றவை. அங்கே நாற்காலி உண்டு, குளிரூட்டி உண்டு, நிகழ்ச்சி முடிந்ததும் வடையும் தேநீரும் உண்டு. விளையாட்டரங்கில் இவை எதுவும் கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது.

வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்தார். “நெட்பால் டீம்ல பெஞ்சக் காவல் காத்தவ நீ. உனக்கு எதுக்குடி ஸ்போர்ட்ஸ் நியூஸ்?”

அம்மா சொன்னது உண்மைதான். உயர்நிலை இரண்டில் பள்ளியின் வலைப்பந்துக் குழுவில் நான் மாற்று ஆட்டக்காரர். அந்த ஆண்டு எங்கள் குழு மூன்றாவதாக வந்தது. குழுப் படம் ஒரு நாளிதழில் வெளியானது. படத்துக்குக் கீழே எங்கள் எல்லாருடைய பெயர்களும் இருந்தன. என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. அது லகரமாகியிருந்தது. தாத்தா மூன்று பிரதிகள் வாங்கி, மூன்றிலும் நீல மையால் அந்த எழுத்தைத் திருத்தி, ஒன்றை பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தினார். இன்றும் அது வீட்டில் இருக்கிறது.

தயாராவதற்கு எனக்கு நான்கு வாரங்கள் கிடைத்தன. அந்த நான்கு வாரங்களில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வாரம்: கணக்கும் விதியும்

தேசியப் பள்ளி விளையாட்டுகள் ஜனவரி தொடங்கி ஆகஸ்ட் வரை நீளும். காற்பந்து, வலைப்பந்து, பூப்பந்து, செப்பாக் தக்ராவ், ஹாக்கி, கிரிக்கெட், நீச்சல், திடல்தடம் என்று பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் கற்க முடியாது. திடல்தடத்தில் தொடங்கு என்றார் ஆசிரியர்.

முதலில் பிரிவுகள். உயர்நிலைப் பள்ளியின் கீழ்நிலை மாணவர்கள் பெரும்பாலும் ‘சி’ பிரிவு, மேல்நிலை மாணவர்கள் ‘பி’ பிரிவு, தொடக்கக் கல்லூரி மாணவர்கள் ‘ஏ’ பிரிவு. ஆனால் பிரிப்பது வயதை வைத்தே தவிர வகுப்பை வைத்து அல்ல. “உயர்நிலை மூன்று மாணவர், எனவே பி பிரிவு” என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. கேட்டுத்தான் எழுத வேண்டும்.

அடுத்தது விதிகள். தொலைக்காட்சியில் எத்தனையோ ஓட்டப் பந்தயங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரியாதவை எவ்வளவு என்று குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியபோதுதான் தெரிந்தது.

நூறு மீட்டர், இருநூறு மீட்டர், நீளம் தாண்டுதல் ஆகியவற்றில் பின்னிருந்து வீசும் காற்று நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால், வெற்றி செல்லும், சாதனை செல்லாது. உயரம் தாண்டுதலில் இருவர் ஒரே உயரத்தோடு நின்றால், அந்த உயரத்தில் குறைவாகத் தவறியவர் முந்துவார். அதுவும் சமமானால் மொத்தத் தவறுகளைக் கணக்கிடுவார்கள். நீளம் தாண்டுதலில் இருவரின் சிறந்த தூரமும் சமமானால் இரண்டாவது சிறந்த தாண்டலைப் பார்ப்பார்கள்.

நான்கு பேர் ஓடும் நூறு மீட்டர் அஞ்சல் ஓட்டத்தில், பேட்டன் கைமாறும் பகுதியின் நீளம் 30 மீட்டர். அந்தப் பகுதிக்குள் இருக்க வேண்டியது பேட்டன், ஓடுபவரின் உடல் அல்ல. கைமாறி முடிவதற்குள் பேட்டன் கீழே விழுந்தால் கொடுக்க வந்தவர்தான் அதை எடுக்க வேண்டும். வாங்கியவரிடம் முழுமையாகச் சேர்ந்தபின் விழுந்தால் வாங்கியவர் எடுக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதியை அடிக்கோடிட்டு எழுதி வைத்திருந்தேன். எழுதி வைப்பது வேறு, தெரிந்திருப்பது வேறு என்பது நான்காவது வாரத்தில் புரிந்தது.

இரண்டாவது வாரம்: பழைய தாள்கள்

நூலக வாரியத்தின் மின்தொகுப்பில் பழைய நாளிதழ்களைப் புரட்டினேன். நம் வட்டாரத்தின் ஓட்டக்காரர்கள் பற்றிய கதைகளைத் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது அவற்றை எண்களோடு படித்தேன்.

1966ஆம் ஆண்டு பேங்காக் ஆசிய விளையாட்டின் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் மலேசியாவின் எம். ஜெகதீசனுக்குத் தங்கம், சிங்கப்பூரின் சி. குணாளனுக்கு வெள்ளி. எல்லைக் கோட்டுப் படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடிந்தது. இரண்டு ஆண்டு கழித்து, 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குணாளன் ஓடிய 10.38 நொடி, 33 ஆண்டுகள் தேசியச் சாதனையாக நின்றது. 2001ல் யு.கே. ஷியாம் அதை முறியடித்தார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 10.37 நொடி.

நூறில் ஒரு பங்கு நொடி. அதற்காக 33 ஆண்டுக் காத்திருப்பு. எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதிவிட்டால் யாருடைய எத்தனை ஆண்டு உழைப்பை நான் அழித்துவிடுகிறேன் என்பது அப்போது உறைத்தது.

குளோரி பர்னபாஸ் 1973ல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டில் 200 மீட்டர் தங்கம் வென்றார். அதே ஓட்டத்தில் அடுத்த சிங்கப்பூர்ப் பெண் தங்கம் வாங்க 2015 ஆனது. அவர் சாந்தி பெரேரா. அவரே 2023ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 200 மீட்டர் தங்கத்தையும் வென்றார். ஆசிய விளையாட்டின் திடல்தடத்தில் சிங்கப்பூருக்கு 1974க்குப் பிறகு கிடைத்த முதல் தங்கம் அது. சாந்தி சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளியில் படித்தவர். அவரும் ஒரு காலத்தில் பள்ளிச் சீருடையில் தொடக்கக் கோட்டில் நின்றவர்தான்.

அதற்காக, பள்ளியில் ஓடும் ஒவ்வொரு பிள்ளையையும் ‘நாளைய சாந்தி’ என்று எழுதிவிடக் கூடாது என்றும் குறித்துக்கொண்டேன். பெரும்பாலான பிள்ளைகள் நான்கு ஆண்டு ஓடுவார்கள், பிறகு வேறு வேலை பார்ப்பார்கள். அவர்களுக்குக் கிடைக்கப்போகும் ஒரே நாளிதழ்ச் செய்தி நான் எழுதும் இரண்டு வரியாகவும் இருக்கலாம்.

மூன்றாவது வாரம்: அக்காவின் பாடம்

எங்கள் செய்தி அறையில் மூத்த செய்தியாளர் ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் அக்கா. பல ஆண்டுகள் பள்ளி விளையாட்டுகளை எழுதியவர். ஒரு மதியம் தேக்காவில் பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லி அவரை அழைத்துப் போனேன். சாப்பிட்டு முடித்ததும் கைப்பையிலிருந்து ஒரு முடிவுப் பட்டியலை எடுத்து வைத்தார். எட்டுப் பேர், எட்டுப் பெயர்கள், ஆங்கிலத்தில்.

“படி பார்ப்போம்.”

படித்தேன். கடைசிப் பெயருக்கு நேரே நேரம் இல்லை, மூன்று எழுத்துகள் மட்டும். டிஎன்எஸ் என்றால் ஓடவே வரவில்லை. டிஎன்எஃப் என்றால் ஓடினார், முடிக்கவில்லை. டிகியூ என்றால் தகுதி நீக்கம். இந்த மூன்றும் ஒன்றல்ல. “வராதவரை ‘பாதியில் வெளியேறினார்’னு எழுதிட்டா மறுநாள் அவங்கப்பா போன்ல இருப்பாரு” என்றார்.

பிறகு பெயர்களுக்கு வந்தார். “இதெல்லாம் தமிழ்ல எழுது.”

எழுதத் தொடங்கிய பிறகுதான் எவ்வளவு பெரிய சிக்கல் என்று புரிந்தது. ஆங்கிலப் பட்டியலில் ல, ள, ழ மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே எழுத்து. ன, ணவுக்கும் அப்படித்தான். குறிலா நெடிலா என்றும் தெரியாது. வாணியா, வனியா? கனியா, கணியா? தர்ஷினியா, தர்சினியா? ஒரு பெயரை நான் மூன்று விதமாக எழுதி வைத்தேன். மூன்றுமே சரியாகத் தெரிந்தன.

நம் பிள்ளைகளின் பெயர் மட்டுமல்ல. சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வரும், மலாய்ப் பெயர்களில் பின், பிந்தி என்பதற்குப் பிறகு வருவது தந்தையின் பெயர். அதைத் தெரியாமல் பெயரின் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்து எழுதினால், ஓடியது மகன், நாம் பாராட்டியது தந்தையை.

“அப்ப என்னக்கா செய்றது?”

“கேளு. ‘உன் பேரைத் தமிழ்ல எப்படி எழுதுவே?’ன்னு கேட்டு, குறிப்பேட்டைப் பிள்ளைகிட்ட கொடு. அதுவே எழுதட்டும். எழுதத் தெரியலைன்னா வீட்டுக்குப் போன் போடச் சொல்லு. பாட்டிக்குத் தெரியும்.”

அக்கா சொன்ன வேறு சிலவும் இங்கே சொல்லத் தக்கவை. வென்ற பிள்ளையிடம் “எப்படி இருக்கிறது?” என்று கேட்டால் “ஹேப்பியா இருக்கு” என்று மட்டுமே பதில் வரும். அதற்குப் பதிலாக, “கடைசி 50 மீட்டர்ல உனக்கு யாரு தெரிஞ்சாங்க?”, “இன்னிக்குக் காலைல என்ன சாப்பிட்டே?” என்று கேட்க வேண்டும். தோற்ற பிள்ளையிடம் உடனே போய் நிற்கக் கூடாது. முதலில் பொறுப்பாசிரியரைப் பார்க்க வேண்டும். அவர் அனுமதி இல்லாமல் பிள்ளையைப் படம் எடுக்கக் கூடாது.

எனக்கு வெகுநாளாக இருந்த ஒரு சந்தேகத்தையும் கேட்டேன். “நம்ம பேப்பர்ல நம்ம பிள்ளைங்களைப் பத்தி மட்டும்தான் எழுதணுமாக்கா?”

“முதல் வரியில ஜெயிச்சவங்க, யாரா இருந்தாலும். அதுதான் செய்தி. அடுத்த வரியில நம்ம பிள்ளை. அதைத்தான் நம்ம வாசகர் தேடுவாங்க. ஆனா நம்ம பிள்ளை நாலாவது வந்தா நாலாவதுன்னுதான் எழுதணும். ‘சிறப்பாக ஓடினார்’னு மழுப்பக் கூடாது. அதுக்குத் தெரியும் நாலாவதுன்னு.”

நான்காவது வாரம்: வெள்ளோட்டம்

“ஒரு நாள் போய் உட்கார்ந்து பார். அரைப் பக்கம் எழுதிக்கொண்டு வா. போடுவதா வேண்டாமா என்று பிறகு பார்க்கலாம்” என்றார் ஆசிரியர். தகுதிச்சுற்று நாள் ஒன்றுக்குப் போனேன். எந்த அரங்கம், எந்தப் பிரிவு என்று சொல்லப் போவதில்லை. காரணம் கடைசியில் புரியும்.

பையில் இரண்டு பேனா, ஒரு பென்சில், குறிப்பேடு, அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை, குடை, தொப்பி, தண்ணீர், கைப்பேசிக்கு மின்னூட்டி. பென்சில் எதற்கு என்று முதலில் புரியவில்லை. மழை பட்ட தாளில் பேனா எழுதாது, பென்சில் எழுதும்.

இரண்டு மணி வெயில் கொதித்தது. மூன்றரைக்கு மின்னல் எச்சரிக்கை ஒலித்து எல்லாரையும் கூரைக்கு அடியில் அனுப்பினார்கள். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த முக்கால் மணி நேரத்தில்தான் எனக்கு அதிகம் கிடைத்தது. கூரைக்கு அடியில் ஓட்டக்காரர்களும் ஆசிரியர்களும் பெற்றோரும் ஒன்றாக நின்றார்கள். வேலையிலிருந்து அரை நாள் விடுப்பு எடுத்து வந்த ஓர் அப்பா, மகளின் காலணி நனையாமல் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

அங்கேதான் அந்த மாணவியைச் சந்தித்தேன். அஞ்சல் ஓட்டத்தில் இரண்டாவதாக ஓடுபவர். அக்கா சொல்லிக் கொடுத்ததுபோல் குறிப்பேட்டை நீட்டினேன். “உன் பேரைத் தமிழ்ல எப்படி எழுதுவே?”

மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். ஓர் இடத்தில் நின்று, ‘ல’ போட்டதை அடித்து ‘ள’ போட்டார். “சாரிக்கா. பாட்டி திட்டுவாங்க” என்றார். பிறகு, “இது பேப்பர்ல வருமா? பாட்டி தமிழ்ப் பேப்பர் மட்டும்தான் படிப்பாங்க.”

“நல்லா ஓடு. வரும்” என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது.

மழை நின்று ஓட்டம் தொடங்கியது. எட்டுக் குழுக்கள். இரண்டாவது ஓட்டத்தில் அவர் இருவரை முந்தினார். மூன்றாமவரிடம் பேட்டன் போய்ச் சேரும் இடத்தில் ஒரு சத்தம். பேட்டன் தரையில் உருண்டது. அவர் திரும்பி ஓடி, குனிந்து எடுத்து, மீண்டும் வந்து கொடுத்தார். அதற்குள் மற்ற ஏழு குழுக்களும் போய்விட்டன. அவர்கள் குழு ஓட்டத்தை முடித்தது. எட்டாவது.

இரவு அலுவலகத்தில் எழுதினேன். எல்லாம் சரியாக வந்ததாக நினைத்தேன். நேரங்கள் சரி. தடங்கள் சரி. பெயர்கள் அனைத்தும் பிள்ளைகள் எழுதித் தந்தபடியே. நடுவில் ஒரு வரி: முன்னணிக்கு வந்துகொண்டிருந்த குழு, இன்னார் பேட்டனைத் தவறவிட்டதால் வாய்ப்பை இழந்தது. அந்த இன்னாரின் ளகரமும் சரியாக இருந்தது.

அக்கா படித்தார். அந்த வரியில் விரலை வைத்தார்.

“இந்தப் பிள்ளைதான் விட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?”

“நான் பார்த்தேன்க்கா. அதுதானே குனிஞ்சு எடுத்துச்சு.”

“ஏன் எடுத்துச்சு?”

பதில் என் குறிப்பேட்டில் இருந்தது. முதல் வாரத்தில் நானே அடிக்கோடிட்டு எழுதியது. கைமாறி முடிவதற்குள் விழுந்தால் கொடுக்க வந்தவர்தான் எடுக்க வேண்டும். அவர் எடுத்தது விதிப்படி. யார் தவறு என்று அந்த விதி சொல்வதில்லை. வாங்கியவர் முன்கூட்டியே ஓடத் தொடங்கியிருக்கலாம். கை சரியாக நீளாமல் இருந்திருக்கலாம். மழையில் பேட்டன் வழுக்கியிருக்கலாம். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அதைச் சொல்ல முடியாது. பார்த்ததாக நினைத்தேன், ஆனால் ஊகத்தைத்தான் எழுதியிருந்தேன்.

“சரிக்கா, ‘பேட்டன் கைமாறும்போது விழுந்தது’ன்னு மாத்திடறேன்.”

“மாத்து. அப்புறம் பேரு?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். பெயரை எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். செய்தியில் எதுவும் குறையவில்லை. எந்தக் குழு, எந்த இடத்தில் என்ன நடந்தது, எட்டாவதாக வந்தது என்று எல்லாம் அப்படியே இருந்தன. ஒரு பதின்ம வயதுப் பிள்ளையின் பெயர் மட்டும் இல்லை.

“இதுக்குப் பேரு மறைக்கிறது இல்ல” என்றார் அக்கா. “எட்டாவதுன்னு எழுதுறோமே. காசு வாங்கிட்டு ஆடுற பெரியவங்க பெனால்ட்டியத் தவறவிட்டா பேரப் போடு. அது அவங்க வேலை. இது பிள்ளைங்க. மறுநாள் அசெம்பிளில நிக்கணும்.”

ஆசிரியர் அந்த அரைப் பக்கத்தைச் சுருக்கிக் கால் பக்கமாக வெளியிட்டார். அந்த மாணவியின் பெயர் வரவில்லை. அதற்காக எனக்கு வருத்தமும் உண்டு. அந்த நாளில் இருவரை முந்தியவர் அவர். அதை எழுதியிருந்தால் அடுத்த வரியில் பேட்டனையும் எழுத வேண்டியிருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

இந்த வேலை தொடங்கியதிலிருந்து பெற்றோர் பலர் குறுஞ்செய்தி அனுப்புகிறார்கள். “மகன் இரண்டாவது வந்தான், போடுவீர்களா?” என்று. நேரடிப் பள்ளிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க நாளிதழ்த் துண்டு உதவும் என்று சிலர் நினைக்கிறார்கள். இடம் கால் பக்கம், பிள்ளைகளோ நூற்றுக்கணக்கில். எல்லாரையும் போட முடியாது என்று சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

ஆனால் ஓர் உதவி கேட்பேன். பிள்ளையின் பெயரைத் தமிழில் எழுதக் கற்றுக்கொடுங்கள். ஓட்டத்துக்குப் போகும் பையில் ஒரு துண்டுத் தாளில் எழுதி வையுங்கள். நான் சந்தித்த பிள்ளைகளில் சிலர் தங்கள் பெயரில் எந்த லகரம் என்று தெரியாமல் என்னையே பார்த்தார்கள். அதைச் சொல்லும்போது அவர்களுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இந்தக் கட்டுரையில் அவரைப் பற்றி எழுதலாமா என்று அந்த மாணவியிடம் அவருடைய பொறுப்பாசிரியர் வழியாகக் கேட்டேன். பெயர் இல்லாமல் எழுதலாம் என்று பதில் வந்தது. கூடவே, பாட்டி கால் பக்கச் செய்தியைப் படித்துவிட்டு “உன் பேரு எங்க?” என்று கேட்டாராம். “அடுத்த வருஷம்” என்று சொல்லியிருக்கிறாராம்.

அவர் எழுதித் தந்த தாளைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன். அடித்த லகரமும் அதற்குப் பக்கத்தில் ளகரமும் அதில் இருக்கின்றன. அடுத்த ஆண்டு அவர் ஓடும் நாளில் அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு போவேன்.